பிஎச்.டி. நடுவில் ஊருக்குப் போக வேண்டி வந்தால்: விடுப்பு எடுப்பதும் வெளியூரில் இருந்து ஆய்வு செய்வதும்

ஆய்வில் சேர்ந்து மூன்றாம் ஆண்டு. ஒரு ஐப்பசி மாத இரவில் தம்பி போன் செய்தான், அப்பாவுக்குப் பக்கவாதம் என்று. அன்றே கிளம்பினேன். வழியில் நெறியாளரிடம் பேசியபோது, "போய்ட்டு வாம்மா, இங்கே நான் பாத்துக்கறேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார். நான்கு மாதம் கழித்துத் திரும்பியபோது அவர் அயல்பணியில் வேறு நிறுவனத்துக்குப் போயிருந்தார். துறைத் தலைவரும் மாறியிருந்தார். என் கோப்பில் இருந்தது ஒரே வரி: தகவலின்றி வரவில்லை. முதல் இரண்டு மாதம் அலுவலகத்தில் வழக்கம்போல வருகையை உறுதி செய்துவிட்டதால் உதவித்தொகை வந்திருந்தது. அதைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். ஆறு மாத முன்னேற்ற அறிக்கை ஒன்றும் தவறிப்போயிருந்தது. எல்லாவற்றையும் சரிக்கட்ட ஏழு மாதம் ஆனது.

அந்த நான்கு மாதத்துக்கும் விதியில் இடம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு அந்த நிலைமை வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது இந்தியப் பல்கலைக்கழகங்களில் முழுநேர பிஎச்.டி. செய்பவர்களுக்கு. எண்கள் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. ஒழுங்குமுறைகளிலிருந்தும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை விதிகளிலிருந்தும் எடுத்தவை. அந்த ஒழுங்குமுறை அரசிதழில் வந்தது 2022 நவம்பர் 7. அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்கு 2009 அல்லது 2016 ஒழுங்குமுறை பொருந்தும். ஐஐடி, என்ஐடி போன்றவை தங்கள் சொந்த விதிகளின்படி நடப்பவை. அங்கே எண்கள் மாறும், ஆனால் கடிதம் போகும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

முதலில், நீங்கள் கேட்பது எது?

"லீவு வேணும்" என்று பொதுவாகச் சொல்கிறோம். அலுவலகத்தைப் பொறுத்தவரை அதற்குள் வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. உடம்புக்கு முடியாமல், குடும்பத்துக்காக, பிரசவத்துக்காக ஆய்வையே கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பது விடுப்பு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து கோப்புகள் பார்ப்பதோ, ஒரு மலைக்கிராமத்தில் தங்கிப் பேச்சுவழக்கைப் பதிவு செய்வதோ விடுப்பே கிடையாது. அது களப்பணி, ஆய்வின் ஒரு பகுதி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஆறு மாதம் போவது இன்னொரு வகை, அதற்குக் கல்வி விடுப்பு என்று பெயர். வேலை கிடைத்துப் போவது, கல்யாணமாகி வேறு ஊருக்குக் குடிபோவது எல்லாம் விடுப்புக் கடிதத்தில் அடங்காதவை. அவற்றுக்குத் தனி வழி உண்டு.

இந்தப் பெயரைச் சரியாகப் போடுவதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. களப்பணிக்குப் போகிறவர் "விடுப்பு" என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் 30 நாள் விடுப்பு வீணாகக் கழியும். அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் "களப்பணி" என்று எழுதினால், பின்னால் தரவு எங்கே என்று ஆய்வு ஆலோசனைக் குழு கேட்கும்போது பதில் இருக்காது. உண்மையை அதற்குரிய பெயரில் எழுதுங்கள்.

இரண்டு காலக்கெடுக்கள்

அடுத்து ஒரு தாளை எடுத்து இரண்டு தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, பதிவுக் காலம். 2022 ஒழுங்குமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. இந்த ஆறு ஆண்டு சேர்க்கை நாளிலிருந்து ஓடுகிறது. தலைப்பு உறுதியான நாளையோ கோர்ஸ் ஒர்க் (தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்கள்) முடிந்த நாளையோ வைத்துக் கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு வரை தரலாம், மொத்தம் எட்டைத் தாண்டக் கூடாது. பெண் ஆய்வாளர்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு ஆண்டு தளர்வு தரலாம், மொத்தம் பத்துக்குள். ஆக 2024 ஜூலையில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு முதல் எல்லை 2030 ஜூலை, மறுபதிவோடு 2032, எல்லாத் தளர்வும் கிடைத்தால் 2034.

மற்றொன்று, உதவித்தொகைக் காலம். ஜே.ஆர்.எஃப். இரண்டு ஆண்டு, அப்புறம் மதிப்பீடு முடிந்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர் உதவித்தொகை) மூன்று ஆண்டு, மொத்தம் ஐந்து. 2023 ஜனவரி முதல் மாதத்துக்கு முறையே 37,000 ரூபாயும் 42,000 ரூபாயும். பதிவு நீட்டிப்புக் கிடைத்தாலும் இந்தப் பணம் ஐந்தாண்டோடு நின்றுவிடும். அதனால் நான்காம் ஆண்டில் எடுக்கும் நீண்ட விடுப்பின் சுமை ஆறாம் ஆண்டில்தான் தெரியும். கையில் காசு இல்லாமல் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருப்போம்.

விடுப்பு நாட்கள் இந்த இரண்டு கணக்கிலும் எப்படிச் சேரும் என்று கடிதத்திலேயே ஒரு வரி கேட்டுவிடுங்கள். பதில் ஆணையில் அது எழுத்தில் வந்துவிடும்.

யுஜிசி சொல்வது வெளிச்சட்டம் மட்டும்தான். உள்ளே எப்படி நடக்கும் என்பதை உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒழுங்குவிதிகள் முடிவு செய்கின்றன. ஆய்வுப் பிரிவில் கேட்டால் தருவார்கள், பெரும்பாலும் இணையதளத்திலும் இருக்கும். அதில் "விடுப்பு", "இடைநிறுத்தம்", "பதிவு ரத்து", "மறுபதிவு" ஆகிய நான்கு பகுதிகளை மட்டும் இன்றே படித்து வையுங்கள். நெருக்கடி வந்தபின் அதைப் படிக்க மனம் ஓடாது.

உதவித்தொகையோடு எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு

ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப். பெறுபவர்களுக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு. அரசு விடுமுறை நாட்கள் இதில் சேராது. ஆனால் கோடை விடுமுறை, பருவ விடுமுறை எதுவும் உங்களுக்குக் கிடையாது. எம்.ஏ. முடித்துவிட்டு நேராக வருபவர்கள் இதில் தடுமாறுவார்கள். வளாகமே காலியாகி மெஸ் மூடியிருக்கும், நாமும் போகலாம்போலத் தோன்றும். போகலாம், விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு.

சிறப்புக் காரணம் இருந்தால் நெறியாளரின் பரிந்துரையோடு, உதவித்தொகை இல்லாத விடுப்பு மூன்று மாதம் வரை நிறுவனமே தரலாம். இது முழு உதவித்தொகைக் காலத்துக்கும் சேர்த்து மூன்று மாதம். என் நான்கு மாதத்தை இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதம் பணத்தோடு, மூன்று மாதம் பணமில்லாமல். சரியாகப் பொருந்தியிருக்கும். கோப்பில் அந்த வரி ஏறியிருக்காது.

உதவித்தொகை இல்லாத கல்வி விடுப்பு தனியாக இருக்கிறது. கல்விப்பணி, கற்பித்தல், ஆய்வு தொடர்பான வெளிநாட்டுப் பயணம் இவற்றுக்காக, மொத்தக் காலத்திலும் ஓராண்டு வரை.

பல்கலைக்கழக உதவித்தொகையோ மாநில அரசின் தொகையோ வாங்குபவர்கள் அந்தந்தத் திட்டத்தின் விதிகளைத்தான் பார்க்க வேண்டும். எந்தத் தொகையும் இல்லாதவர்களுக்குப் பணக் கவலை வேறு, ஆனால் பதிவுக் கவலை ஒன்றுதான். விடுப்பிலும் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். கட்டணம் நின்றால் பதிவும் நிற்கும்.

நெறியாளரிடம் பேசுவது

போனில் சொல்லியாயிற்று என்று விட்டுவிட வேண்டாம். நேரில் போக முடிந்தால் போங்கள். கையில் ஒரு பக்கத் திட்டம் இருக்கட்டும்: எந்த நாள் முதல் எந்த நாள் வரை, இதுவரை என்ன முடிந்தது, திரும்பியதும் எங்கே தொடங்குவேன், நடுவில் என்னை எப்படித் தொடர்புகொள்ளலாம். பல நெறியாளர்களுக்குப் பயம் ஒன்றுதான், போன பிள்ளை திரும்பி வராதோ என்று. தேதி போட்ட தாள் அந்தப் பயத்தைக் குறைக்கும்.

பேசி முடித்த அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். "ஐயா, இன்று தங்களிடம் பேசியபடி..." என்று தொடங்கி நான்கு வரி. அவரிடம் நம்பிக்கை இல்லாததால் செய்வதல்ல இது. அவருக்கும் மாற்றல் வரும், உடம்பு முடியாமல் போகும், ஓய்வு வரும். அவர் சொன்ன வார்த்தை உங்களோடு இருக்கட்டும்.

நெறியாளரோடு உறவு சரியில்லை என்றால்? அப்போதும் கடிதம் அவர் வழியாகத்தான் போக வேண்டும். அவர் கையெழுத்துப் போட மறுத்தாலோ நாள் கடத்தினாலோ, துறைத் தலைவருக்கு ஒரு முன்படியை (நெறியாளர் கையெழுத்துக்குக் காத்திராமல் நேராகத் தரும் நகல்) கொடுத்து "நெறியாளரிடம் இந்த நாளில் அளித்துள்ளேன்" என்று குறிப்பிடுங்கள்.

கடிதம்

இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள், அதனால் ஒரு மாதிரியை முழுதாகவே தருகிறேன். தேதிகளையும் காரணத்தையும் உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

விடுநர்: பெயர், பதிவு எண், முழுநேர முனைவர்பட்ட ஆய்வாளர், துறை.
பெறுநர்: பதிவாளர் அவர்கள்.
வழி: ஆய்வு நெறியாளர், துறைத் தலைவர்.
பொருள்: தந்தையின் மருத்துவச் சிகிச்சைக்காக 01.08.2025 முதல் 28.11.2025 வரை 120 நாள் விடுப்பு வேண்டுதல் தொடர்பாக.
பார்வை: பதிவு ஆணை எண், நாள்.

மதிப்பிற்குரிய ஐயா, மேற்காண் ஆணைப்படி முழுநேர ஆய்வாளராகப் பதிவு செய்துள்ளேன். என் தந்தை பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டுச் சிகிச்சையில் உள்ளார். உடனிருந்து கவனிக்க வேண்டியுள்ளதால் 01.08.2025 முதல் 30.08.2025 வரை 30 நாட்களை உதவித்தொகையுடன் கூடிய ஆண்டு விடுப்பாகவும், 31.08.2025 முதல் 28.11.2025 வரை 90 நாட்களை உதவித்தொகை இல்லாத விடுப்பாகவும் அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். இக்காலத்தில் வரும் ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் இணையவழி பங்கேற்க அனுமதி வேண்டுகிறேன். இவ்விடுப்புக் காலம் பதிவுக் காலத்திலும் உதவித்தொகைக் காலத்திலும் எவ்வாறு கணக்கிடப்படும் என்பதை ஆணையில் குறிப்பிடக் கேட்டுக்கொள்கிறேன். 29.11.2025 அல்லது அடுத்த வேலை நாளில் பணியில் சேர்வேன். மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது.

அவ்வளவுதான். சோகத்தை விவரித்து இரண்டு பக்கம் எழுத வேண்டாம். முதல் நாள், கடைசி நாள், மொத்த நாள், எந்த வகை, திரும்பும் நாள் ஆகிய ஐந்தும் இருந்தால் அலுவலகத்தில் கோப்பு நகரும். ஒன்று குறைந்தாலும் "விவரம் தேவை" என்று திரும்பி வரும், பத்து நாள் போய்விடும்.

மூன்று படிகள் எடுங்கள். ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் வரவு எண்ணும் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தால் மின்னஞ்சலில் துறைக்கு அனுப்பிவிட்டுப் போங்கள், போன பிறகு விரைவுத் தபாலில் கையெழுத்திட்ட படியை அனுப்புங்கள். நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போனால் அந்த வரவு எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கடிதம் கொடுத்ததோடு அனுமதி கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை. ஆணை வர வேண்டும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு வரவு எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். ஆய்வுப் பிரிவில் உங்கள் கோப்பைப் பார்க்கும் உதவியாளரின் பெயரும் இருக்கையும் தெரிந்திருப்பது நல்லது. அவர்களிடம் பணிவாக, தொடர்ந்து, ஒரே விவரத்தோடு கேளுங்கள். உங்கள் உதவித்தொகைக்கு மாதாமாதம் வருகையை உறுதி செய்பவரிடமும் ஆணையின் நகலைக் கொடுங்கள். விடுப்பு ஒரு கோப்பில் இருக்கிறது, பணம் இன்னொரு கோப்பில் இருக்கிறது. எனக்கு நடந்தது போல அவை ஒன்றையொன்று அறியாமல் இருந்தால், வராத மாதத்துக்குப் பணம் வந்து சேரும். அது அதிர்ஷ்டம் என்று செலவழித்துவிடாதீர்கள்.

உடம்பும் மனமும்

உடல்நலக் காரணம் என்றால் மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம், மருத்துவரின் கடிதம், திரும்பும்போது உடல்தகுதிச் சான்று ஆகிய மூன்றும் போதும். நோயின் எல்லா விவரத்தையும் கடிதத்தில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. "மருத்துவக் காரணம், சான்று இணைப்பு" என்பதே போதுமானது.

மனநலத்துக்காக விடுப்பு எடுப்பதும் மருத்துவ விடுப்புதான். இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, ஆய்வகக் கதவைத் திறக்கவே கை வரவில்லை என்றால் அது சோம்பல் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள், அவர் தரும் சான்று மற்றச் சான்றுகளைப் போலவே செல்லும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். இந்த எண்ணை உங்கள் விடுதி அறை நண்பரின் போனிலும் பதிந்து வையுங்கள்.

பிள்ளைப்பேறு, கல்யாணம், இடமாற்றம்

பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக முழு பிஎச்.டி. காலத்திலும் 240 நாள் வரை தரலாம் என்று ஒழுங்குமுறை சொல்கிறது. ஜே.ஆர்.எஃப். பெறுபவர்களுக்கு மத்திய அரசு நெறிமுறைப்படி முழு உதவித்தொகையோடு மகப்பேறு விடுப்பு உண்டு. மேலே சொன்ன இரண்டு ஆண்டுத் தளர்வு இதிலிருந்து வேறானது. இரண்டையும் ஒன்றாக நினைத்து, "240 நாள் எடுத்துட்டீங்களே, இனி நீட்டிப்பு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்போது ஒழுங்குமுறையின் அச்சுப்படியை எடுத்து இரண்டும் தனித்தனிப் பிரிவுகளில் இருப்பதைக் காட்டுங்கள்.

240 நாளையும் ஒரே மூச்சில் எடுக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். முதலில் ஐந்து மாதம், பிறகு குழந்தைக்கு ஓராண்டு ஆகும்போது மிச்சம் என்று பிரித்து எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை நடக்கத் தொடங்கும்போது காய்ச்சலும் சளியும் மாறி மாறி வரும், அந்த மிச்சம் அப்போது கைகொடுக்கும். உங்கள் பல்கலைக்கழகம் பிரித்து எடுக்க அனுமதிக்கிறதா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் கரைப்பான்களோடும் கதிரியக்கப் பொருட்களோடும் வேலை செய்பவர்கள், கர்ப்பம் உறுதியான அன்றே நெறியாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. மூன்று மாதம் ஆகட்டும் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த மூன்று மாதம்தான் கருவுக்கு மிகவும் கவனம் தேவைப்படும் காலம். அப்போது தரவுப் பகுப்பாய்வு, முன்னாய்வுகளைப் படித்துத் தொகுப்பது, எழுதுவது என்று வேலையை மேசைக்கு மாற்றிக்கொண்டால் விடுப்பு நாளும் மிச்சமாகும்.

கல்யாணமாகி வேறு ஊர் போகும் பெண்கள் ஆய்வைக் கைவிடுவது இன்னும் நடக்கிறது. ஒழுங்குமுறையில் இதற்கென்றே ஒரு பிரிவு இருப்பது பலருக்குத் தெரியாது. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஒரு பெண் ஆய்வாளர் இடம் மாறினால், அவர் தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோக அனுமதிக்க வேண்டும். இரண்டு நிபந்தனை. அந்த ஆய்வு, பழைய நிறுவனமோ நெறியாளரோ நிதி பெற்று நடத்தும் திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. அதுவரை நடந்த பகுதிக்குப் பழைய நெறியாளருக்கும் நிறுவனத்துக்கும் உரிய அங்கீகாரம் தர வேண்டும். போகுமிடத்தில் உங்கள் துறையில் இடம் காலியாக உள்ள நெறியாளர் ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினமான வேலை. நாள் குறித்தவுடனே அதைத் தொடங்குங்கள், மண்டபம் பார்க்கும் வேகத்தில்.

களப்பணிக்கும் காப்பகத்துக்கும் போகும்போது

நெல்லையிலோ கோவையிலோ பதிவு செய்துவிட்டு, எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகத்துக்கும் நடையாய் நடப்பது வரலாறு, தமிழ் ஆய்வாளர்களின் வாழ்க்கை. சரஸ்வதி மகாலுக்காகத் தஞ்சாவூரில் தங்குவோம், பிரெஞ்சு நிறுவனத்துக்காகப் புதுச்சேரியில் தங்குவோம். இதற்கெல்லாம் விடுப்பு எழுதாதீர்கள். "ஆய்வு தொடர்பான களப்பணிக்கு அனுமதி" என்று கேளுங்கள். கடிதத்தில் இடம், நாட்கள், எந்த ஆவணங்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்பது இருக்கட்டும். ஜே.ஆர்.எஃப்.பின் சில்லறைச் செலவுத் தொகையிலிருந்து (கன்டின்ஜென்சி) களப்பயணச் செலவைக் கோரலாம். கலை, சமூக அறிவியல் துறைகளுக்கு அது முதல் இரண்டு ஆண்டு ஆண்டுக்கு 10,000 ரூபாய், அப்புறம் 20,500. அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000. பெரிய தொகை கிடையாது. பேருந்துச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

கிளம்பும் முன் துறையிடமிருந்து போனஃபைடு சான்றிதழும், நெறியாளரிடமிருந்து ஓர் அறிமுகக் கடிதமும் வாங்குங்கள். ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் இவை இல்லாமல் உள்ளே விடுவது கடினம். அறிமுகக் கடிதத்தை ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக, நான்கைந்து படியாக வாங்கிவிடுங்கள். ஒன்றைக் கொடுத்தால் அது திரும்பி வராது.

காட்டுக்குள் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைய 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அது கையில் வரும்வரை களப்பணித் தேதியைக் குறிக்காதீர்கள். மனிதர்களிடம் பேட்டி எடுப்பவர்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதலை முதலில் முடித்துவிடுங்கள். எடுத்த பேட்டிக்கு அப்புறம் ஒப்புதல் வாங்க முடியாது.

தூரத்தில் இருக்கும்போது உறவு அறுந்துபோவதுதான் பெரிய ஆபத்து. மாதம் ஒரு முறை, ஒரே தேதியில், நெறியாளருக்கு ஒரு பக்க அறிக்கை அனுப்புங்கள். என்ன பார்த்தேன், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காத மாதத்திலும் அனுப்புங்கள், முக்கியமாக அந்த மாதத்தில். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் வந்து அறிக்கை வைக்க வேண்டும் என்பது விதி. நம் பக்கம் இதை டாக்டரல் கமிட்டி என்றே சொல்வார்கள். அந்த நாளுக்கு ஊருக்கு வந்துவிடப் பாருங்கள், முடியாவிட்டால் இணையவழிக்கு முன்னதாகவே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

நூலகம் தூரத்தில் இருக்கிறதே என்ற கவலை முன்பு போல இல்லை. 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் பெரிய பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் மத்திய, மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைக்கின்றன. இன்ஃபெட் கணக்கு இருந்தால் வளாகத்துக்கு வெளியிலிருந்தே படிக்கலாம். அந்தக் கணக்கை உங்கள் நூலகர்தான் தொடங்கித் தர வேண்டும், கிளம்பும் முன் அவரைப் பாருங்கள். கையோடு நூலகப் புத்தகங்களைத் திருப்பிவிடுங்கள். விடுதி அறையை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதையும் காப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள், மெஸ் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். சாப்பிடாத மூன்று மாதத்துக்குப் பில் வந்து நிற்பது வழக்கமான கதை.

வெளிநாடு

ஆய்வு நடுவில் வெளிநாடு போக நல்ல வழிகளில் ஒன்று ஃபுல்பிரைட் நேரு முனைவர்பட்ட ஆய்வு உதவித்தொகை. ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருக்கலாம். இந்திய நிறுவனத்தில் பிஎச்.டி. பதிவாகி குறைந்தது ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். இதற்குப் போனால் ஜே.ஆர்.எஃப். நிற்கும், நீங்கள் கல்வி விடுப்பில் இருப்பீர்கள். ஒன்பது மாதம் போனால் அந்த ஓராண்டில் மீதி மூன்று மாதம்தான். பின்னால் வேறெங்கும் போக நினைத்தால் இதை மனதில் வையுங்கள். ஜே-1 என்ற பரிமாற்றப் பயண விசாவில் போகிறவர்களுக்கு, திரும்பி வந்து இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஃபுல்பிரைட்டில் உண்டு. அது முடியும்வரை அமெரிக்காவில் வேலை விசாவோ குடியுரிமைக்கு வழியோ கிடைக்காது. முனைவர் பட்டம் முடித்தவுடன் அங்கேயே மேலாய்வுக்குப் போகும் எண்ணம் இருந்தால் கையெழுத்திடும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

உயிரியல் துறையினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலை, விதை, நுண்ணுயிர் மாதிரி எதுவாக இருந்தாலும் ஆய்வுக்கென்று வெளிநாட்டுக்கு எடுத்துப் போக 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகச் சட்டம் பொருந்தும். அதற்கான தேசிய ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடாதீர்கள்.

வேலை கிடைத்துவிட்டால்

சந்தோஷமான செய்தி. ஆனால் அதே மாதம் உதவித்தொகையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். சம்பளமும் ஜே.ஆர்.எஃப்.பும் ஒன்றாக வாங்கக் கூடாது. பகுதிநேரத்துக்கு மாற, வேலை தரும் நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்பது அதில் எழுதியிருக்க வேண்டும். பணிநியமன ஆணையோடு இதையும் சேர்த்துக் கேட்டால் புது இடத்தில் எளிதாகத் தருவார்கள், ஓராண்டு கழித்துக் கேட்டால் தயங்குவார்கள்.

பதிலே வராவிட்டால்

துறையும் அலுவலகமும் மௌனமாக இருந்தால் யுஜிசியின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர் ஒழுங்குமுறைப்படி நிறுவனத்தின் குறைதீர் குழுவிடம் மனுக் கொடுக்கலாம். குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு முன் நெறியாளரையும் துறைத் தலைவரையும் ஒருமுறை நேரில் பாருங்கள். மனு என்றதும் உறவு இறுகிவிடும், ஆனால் பதிவே போகும் நிலை என்றால் தயங்க வேண்டாம். அந்த நேரத்தில் உங்களைக் காப்பது முத்திரை விழுந்த அந்தப் படிதான்.

திரும்பி வரும் நாள்

விடுப்பு முடிந்த மறு வேலை நாள் காலையில் முதலில் செய்ய வேண்டியது பணியேற்பு அறிக்கை கொடுப்பது. "விடுப்பு முடிந்து இன்று முற்பகல் பணியில் சேர்ந்தேன்" என்று இரண்டு வரி, விடுப்பு ஆணையின் எண், நாள். மருத்துவ விடுப்பு என்றால் உடல்தகுதிச் சான்றையும் இணையுங்கள். முற்பகல் என்ற சொல்லை விடாதீர்கள், அது இல்லையென்றால் அந்த ஒரு நாளுக்கும் கேள்வி வரும். துறை, ஆய்வுப் பிரிவு, உதவித்தொகை உறுதி செய்பவர் மூவருக்கும் தனித்தனிப் படி கொடுங்கள்.

அதே வாரம் நெறியாளரிடம் அரைமணி நேரம் கேளுங்கள். போகும் முன் கொடுத்த ஒரு பக்கத் திட்டத்தை எடுத்து வையுங்கள், மாற வேண்டியதை மாற்றுங்கள், அடுத்த டாக்டரல் கமிட்டிக்கு நாள் குறியுங்கள். முதல் ஒரு வாரம் பெரிய வேலை எதையும் தொடாதீர்கள். பழைய குறிப்பேட்டைப் படியுங்கள், கடைசியாக நிறுத்திய இயலின் தலைப்பைக் கையால் ஒருமுறை எழுதுங்கள். நான் திரும்பி வந்த அன்று என் மேசையில் தூசி படிந்திருந்தது, பேனா மை காய்ந்திருந்தது. அன்று மாலைவரை தூசியைத் துடைத்து, கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். மறுநாள் காலை அரைப்பக்கம் எழுதினேன்.